மண் பாத்திரமும் மனப்பக்குவமும்



கடலூர் வீடுகளில் மீன்குழம்புச் சட்டியைப் பேணும் விதத்தை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுச் சட்டியை வாங்கிய அன்றே அடுப்பில் ஏற்றுவாருண்டோ? தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி காய்ச்சிப் பழக்கிய பிறகுதான் குழம்பு. பழகிய சட்டிக்குச் சோப்புப் போடமாட்டீர்கள். மண் அதைக் குடித்துவிட்டு அடுத்த குழம்பிலே கக்கும் என்பதை அறிவீர்கள்.

ஜப்பான் தேசத்துத் தேநீர்க் கெண்டிக்கும் ஏறக்குறைய இதே முறைதான். அங்கே டோக்கோநாமே என்னும் ஊர் சிவந்த களிமண் கெண்டிகளுக்குப் பெயர்போனது. அவற்றில் பலவற்றுக்கு உள்ளும் புறமும் மெருகுப் பூச்சில்லை. உடலையும் மூக்கையும் கைப்பிடியையும் தனித்தனியே வனைந்து ஒட்டுகிறார்கள். மூடியை அந்தந்தக் கெண்டிக்கென்றே தேய்த்துப் பொருத்துகிறார்கள். ஆகையால் ஒன்றின் மூடி மற்றொன்றுக்குச் சரியாய் அமையாது.

ஜப்பானியரின் கைப்பழக்கம் நமக்கு அண்டையிலும் வந்ததுண்டு. ஜப்பானில் மட்பாண்டத் தொழில் கற்ற டெபோரா ஸ்மித் என்னும் அமெரிக்க மாதும் ரே மீக்கர் என்பவரும் 1971-ஆம் வருஷம் புதுச்சேரியிலே கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தை நிறுவினார்கள். அவர்களிடம் பயின்ற பலர் அவ்வட்டாரத்திலேயே சூளை வைத்தார்கள். கடலூருக்கு அது கூப்பிடு தூரம். அப்படிப்பட்ட கைவினைக் கெண்டி ஒன்று நம் வீட்டுக்கும் வந்து சேரலாம்.

வந்தால் செய்யவேண்டியவை சிலவே. கெண்டியை அடுப்பின்மேல் வைக்கலாகாது. வெந்நீரை வேறு பாத்திரத்தில் காய்ச்சி ஊற்றவேண்டும். குளிர்ந்த கெண்டியில் திடீரெனக் கொதிநீரை ஊற்றினால் விரிசல் காணும். முதலில் வெதுவெதுப்பான நீரால் அலம்புக. பூச்சில்லாத கெண்டியில் பால் சேர்க்கவேண்டாம். மண்ணில் ஊறிப் புளித்துப்போகும். குடித்து முடிந்ததும் இலையைக் கொட்டி, வெந்நீரால் மட்டும் கழுவி, மூடியைத் திறந்தே காயவைக்கவேண்டும். ஈரத்தோடு மூடினால் பூசணம் பிடிக்கும். சாம்பலும் தேங்காய் நாரும் எவர்சில்வருக்கு ஆகும், இதற்கு ஆகாது. பூச்சுள்ள கெண்டியானால் இலேசான சோப்பு கெடுதல் செய்யாது.

"ஒரு மண்பாண்டத்துக்கு இத்தனை உபசாரமா? இது வீண் பற்றுதல் அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பேணுதலும் பற்றுதலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் மெதுவாய்த் தூக்கும், பத்திரமாய் வைக்கும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது ஒரே ஒரு நாள்தான்: பாத்திரம் உடையும் நாள்.

அந்த நாளை நினைத்துப் பாருங்கள். சமையலறையில் 'டக்' என்று ஒரு சத்தம். புது மருமகளோ, பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணோ, பத்து வயதுப் பிள்ளையோ நடுங்கி நிற்கிறது. உங்கள் வாயிலிருந்து முதலில் வருவது என்ன? "கையில் குத்திவிட்டதா?" என்பதா, "அதன் விலை தெரியுமா?" என்பதா? முதலாவதைக் கேட்டவர் கெண்டியைப் பேணினவர். இரண்டாவதைக் கேட்டவர் கெண்டிக்கு அடிமையாய் இருந்தவர். வருஷக்கணக்காய் மண்ணிடத்தில் மென்மை பழகிய கை, மனுஷனிடத்தில் கடினமாகுமானால் அந்தப் பழக்கத்தால் என்ன பிரயோசனம்?

பொங்கலுக்கு முன் சிதம்பரம் கடைத்தெருவில் பானை வாங்குகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். விரலால் தட்டி ஓசை கேட்டு, நல்லதைப் பொறுக்குகிறார்கள். கணீரென்றால் நல்ல பானை; மந்தமாய் ஒலித்தால் உள்ளே விரிசல். பாத்திரம் உடைகிற நாள் நம்மைத் தட்டிப்பார்க்கிற நாள். அன்று நம்மிடமிருந்து எழும் ஓசை எத்தகையது என்று, உடைவதற்கு முன்னரே சிந்திப்போமாக.