எடுப்பதா, விடுவதா?

கேட்பாரற்றுக் கிடப்பதைக் கண்டெடுப்பது பற்றி ஃபிக்ஹு கிதாபுகளில் 'லுகத்தா' என்று தனிப் பாடமே உண்டு. வழிதவறிய ஆட்டைப் பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, அதை எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். விட்டுவிட்டால் அது ஓநாய்க்கு இரையாகும். ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டபோதோ அவர்களுடைய திருமுகம் சிவந்துவிட்டது. நடக்கக் காலும், வயிற்றில் தண்ணீரும் உள்ள பிராணியை, உடையவன் வந்து காணும்வரை விட்டுவிடுங்கள் என்னும் கருத்தில் பதிலளித்தார்கள். ஓதுகிற காலத்தில் இதை நாம் சொத்து பற்றிய சட்டமாக மட்டுமே ஓதினோம். இரக்கம் பற்றிய பாடமும் இதற்குள் இருப்பதை, ஹாலந்து நாட்டுக் கடல்நாய்க் குட்டிகளைப் பற்றிப் படித்த பிறகே உணர்ந்தோம்.

பெயரில் நாய் இருக்கிறதே என்று வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இது நம் தெருநாயன்று. காலுக்குப் பதில் துடுப்புடைய, மீன் தின்று, குட்டி ஈன்று பால் கொடுக்கும் கடல் பிராணி; 'சீல்' என்பார்கள்.

ஹாலந்து, ஜெர்மனி, டென்மார்க் ஆகிய மூன்று நாட்டுக் கரைகளையும் ஒட்டி 'வாடன் கடல்' கிடக்கிறது. கடல் வற்றும்போது வெளிப்படும் மணல் திட்டுகளில் ஜூன், ஜூலை மாதங்களில் இவை குட்டி ஈனுகின்றன. சுமார் 10 கிலோ எடையுள்ள குட்டி, பிறந்த சில மணி நேரத்திலேயே நீந்திவிடும். தாய் ஏறக்குறைய நான்கு வாரம் பாலூட்டுகிறது. பாலில் பாதிக்குப் பாதி கொழுப்பு! இடையிடையே தாய் விலகிப் போகும்போது குட்டி அழுகிறது. கைக்குழந்தையின் அழுகையைப் போன்றே இருப்பதால், தனித்துக் கிடக்கும் குட்டிக்கு அந்நாட்டார் 'அழுவது' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கடற்கரையில் உலாவ வந்தவர் அதைக் கேட்கிறார், மனம் உருகுகிறது, ஓடிப்போய்த் தூக்கிக்கொள்கிறார். தாயோ மனிதர் நிற்கும் இடத்தை நெருங்காமல் தண்ணீருக்குள்ளேயே காத்திருக்கக்கூடும். அநாதையல்லாத குட்டி அவர் கையில்தான் அநாதையாகிறது. ஒரு பயணத்தில் தோழர்கள் சிறு பறவை ஒன்றின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப் பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி பணித்தார்கள் அல்லவா?

உண்மையாகவே தாயை இழந்த குட்டிகளும் உண்டு. அவற்றின் நிலை பரிதாபமானது. உடலில் நீர் வற்றி, கொழுப்புக் கரைந்து, குளிரைத் தாங்க இயலாமல் வருகின்றன. தொப்புள் புண்ணில் சீழ் பிடித்திருக்கும். நாய் கடித்த காயம் இருக்கும். கண்ணிலும் வாயிலும் புண், நெஞ்சில் சளிக்காய்ச்சல். பசித்த குட்டிதானே என்று மாட்டுப் பாலை ஊற்றினால் வயிற்றுப்போக்குக் கண்டுவிடும். கடல்நாய்ப் பாலில் பால்சர்க்கரை மிகச் சொற்பம். அதைச் செரிக்கும் வயிறு அதற்கில்லை. ஆகவே குழாய் மூலம் முதலில் உப்புச்சத்து நீர், பிறகு கூழாக்கிய மீன், கடைசியில் முழு மீன் என்று பழக்குகிறார்கள். இரக்கத்துக்கும் கல்வி வேண்டியிருக்கிறது.

பீட்டர்பியூரன் என்னும் சிற்றூரில் லெனி ட் ஹார்ட் என்ற பெண்மணி 1971-இல் இத்தகைய காப்பகத்தைத் தொடங்கினார். வேட்டை 1962-இல் தடுக்கப்பட்டும், ஆலைக் கழிவு நஞ்சு கடலில் கலந்ததால் ஹாலந்துக் கரையில் சில நூறு சீல்களே எஞ்சியிருந்த காலம் அது. அன்று ஒவ்வொரு குட்டியும் ஓர் ஆடுதான். எடுக்காவிட்டால் இனமே போய்விடும் என்ற அச்சம் நியாயமானது.

ஆனால் காப்பகமும் ஆபத்தற்ற இடமன்று. 1985-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஹாலந்துக் காப்பகம் ஒன்றிலிருந்த 23 குட்டிகளில் ஏறத்தாழப் பாதி, ஹெர்ப்பிஸ் வகைக் கிருமியால் நுரையீரலும் ஈரலும் பாதிக்கப்பட்டு மாண்டன. நலிந்தவற்றை ஓரிடத்தில் சேர்த்தால் நோயும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ இடமுண்டு. 1988-இல் ஒரு கொள்ளைநோய் வடகடல் பகுதியில் சுமார் 18,000 சீல்களைக் கொன்றது. அதன் பிறகும் இனம் மீண்டும் பெருகியது. எனவே 2020-இல் ஹாலந்தில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. தனித்த குட்டியைக் கண்டால் உடனே தூக்கக் கூடாது. ஒரு நாள் வரை தள்ளி நின்று கவனிக்க வேண்டும். ஆடா ஒட்டகமா என்று தெரிந்துகொள்ளும் அவகாசம் என்றே இதை நாம் புரிந்துகொள்கிறோம். அழுகுரலைக் கேட்டுக்கொண்டு அப்படிக் கைகட்டி நிற்பது, தூக்குவதைவிடக் கடினமான காரியம்.

மேலும் சிக்கலான கேள்வி ஒன்று உண்டு. பால் மறந்த சில மாதங்களில், தின்ற மீன் வழியாக நுரையீரல் புழு ஏறி, இருமி இரத்தச் சளி கக்கும் குட்டிகள் கரை ஒதுங்குகின்றன. புழுவை மருந்தால் கொன்றால் செத்த புழுவே நுரையீரலை வீங்கச் செய்யும். அதற்கும் சேர்த்து மருந்து தர வேண்டும். இது மனிதன் விளைத்த நோயன்று, காட்டு வாழ்வில் உள்ளதுதான். நலிந்தவற்றைக் காப்பாற்றி விடுவது இனத்தையே நலிவிக்கும் என்று வாதிடும் அறிஞர்கள் இருக்கிறார்கள். டென்மார்க்கில் நோயுற்ற சீல்களைக் காப்பகத்தில் வைத்துப் பேணுவதில்லை. பிழைக்காதென்று கண்டால் சுட்டு வேதனையை முடித்துவிடுகிறார்கள்.

நாம் என்ன சொல்வது? படகாலோ நாயாலோ மனிதக் கூட்டத்தாலோ தாய் விரட்டப்பட்டிருந்தால் அதில் ஐயமே இல்லை. கெடுத்தவன் ஈடு செய்ய வேண்டும் என்பது 'ழமான்' பாடத்தின் அடிப்படை; அந்தக் குட்டியைப் பேணுவது தயவன்று, கடன். புழு விஷயத்தில் அவ்வளவு உறுதியாகப் பேச நம்மால் இயலவில்லை. இனத்தின் நலனை எண்ணுவோரின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் மூச்சுத் திணறியபடி மனிதர் காலடியில் வந்து கிடக்கும் ஒன்றை, அதன் இனம் பெருகிவிட்டது என்பதற்காகவே பார்த்துக்கொண்டிருப்பதை நம் மனம் ஏற்கவில்லை. பிழைக்கும் என்றால் மருந்து. பிழைக்காதென்று அறிந்தவர் சொன்னால், வேதனையை விரைந்து முடிப்பது. எடுத்ததைத் தேறியபின் ஒரு நாள்கூட அதிகம் வைத்திராமல் கடலில் விட்டுவிட வேண்டும். பூனையைக் கட்டிவைத்து, தானாக இரை தேடவும் விடாத பெண்ணின் செய்தி நாம் அறிந்ததுதானே.