கேள்வி கேட்கும் தூரம்

யாழ்ப்பாணக் குடாநாட்டு ஊர்களில் இளையோருக்கு வழிகாட்ட முன்வருபவர்கள் பல வகை. சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை வகுப்பெடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், கழகத்துப் பெடியளை ஐஸ் போதைப் பழக்கத்திலிருந்து மீட்க அலையும் பழைய பந்தாட்டக்காரர், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ரொறன்ரோவிலிருந்து வந்து பள்ளிக்கூட மண்டபத்தில் பேசுபவர் என்று அந்த வரிசை நீளும். இவர்கள் யாரும் காசு வாங்குவதில்லை. நல்லது செய்ய வேண்டும் என்ற எண்ணத்திலும் குறை காண முடியாது. ஆனாலும் ஒரு கேள்வியை இந்த மண்ணில் கேட்டேயாக வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளையின் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது?

சொல்லுக்கான விலையில் தானும் பங்கு கொடுப்பவருக்கே அந்த உரிமை உண்டு என்று சட்டெனத் தோன்றும். அப்படித் தோன்றக் காரணம் இருக்கிறது. 1976 மே 14 அன்று வட்டுக்கோட்டைத் தொகுதியின் பண்ணாகத்தில், செல்வநாயகம் தலைமையில் கூடிய தமிழர் விடுதலைக் கூட்டணி மாநாடு தனிநாட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. விடுதலைப் போரில் முழுமையாக இறங்கும்படி தமிழ் மக்களை, குறிப்பாக இளைஞரை, அத்தீர்மானம் அழைத்தது. அழைத்தவர்களில் பலர் நரைத்த தலையர். போய் மாண்டவர்களில் பலர் ஏ.எல். வகுப்பு வயதினர். பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலும் அரசின் ஒடுக்குமுறையும் அந்த வயதினரை ஏற்கெனவே கொதிக்க வைத்திருந்தன. அவர்களுடைய நெருக்குதலே மூத்தவர்களை அந்தத் தீர்மானத்துக்குத் தள்ளியது என்பதும் உண்மை. ஆனால் பிள்ளைகள் இழுத்த பக்கம் போய்விட்டு, பிறகு அதையே தன் வழிகாட்டல் என்று சொல்லும் மூத்தவர் தன் கடமையின் பாதியை விட்டுவிட்டார்.

இங்கே விலை என்ற அளவுகோல் தடுமாறுகிறது. அந்தக் கூட்டணியின் முன்னணித் தலைவர் அமிர்தலிங்கம் 1989 ஜூலை 13 அன்று கொழும்பில், தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் விலை கொடுத்தார், உயிரையே கொடுத்தார். அதனால் 1976இல் விடுத்த அழைப்பு சரியாகிவிடுமா? ஆகாது. தியாகம் ஒருவரின் நேர்மையைக் காட்டலாம்; அவர் சொன்னது சரி என்பதை நிறுவாது. இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நிறைய இழந்த வழிகாட்டி, 'உனக்காக இவ்வளவு செய்தேன்' என்று கீழ்ப்படிவைக் கேட்கத் தொடங்கிவிடுவார். நம் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் அந்த வாக்கியம் நசுக்கிய பிள்ளைகள் கொஞ்சமல்ல.

அதே வட்டுக்கோட்டையில், அதற்கு அரை நூற்றாண்டு முன்பு, வேறொரு வழிகாட்டல் நடந்தது. 1924இல் யாழ்ப்பாணக் கல்லூரியை மையமாகக் கொண்டு மாணவர் காங்கிரஸ் தோன்றியது; பின்னர் அதுவே வாலிபர் காங்கிரஸ் ஆனது. அதன் உயிர்நாடியாக இருந்தவர் ஹண்டி பேரின்பநாயகம், அக்கல்லூரியில் படித்து அங்கேயே ஆசிரியரானவர். 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தது அந்த மாணவர்களின் அழைப்பில்தான். பள்ளிக்கூடங்களில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையில் இருத்தப்பட்ட காலம் அது. சம ஆசனம் வழங்க உத்தரவு வந்தபோது பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்த ஊர்களும் உண்டு. அந்தச் சமூகத்தில் சாதிக்கு எதிராக நிற்கும்படி தன் மாணவரிடம் சொல்ல, பேரின்பநாயகத்துக்குப் பெரும் துணிவு வேண்டியிருந்தது.

அவர்களும் தவறினார்கள் என்று சொல்லலாம். முழுச் சுயராச்சியம் தராத டொனமூர் அரசியலமைப்பை எதிர்த்து 1931 தேர்தலைப் புறக்கணிக்க வாலிபர் காங்கிரஸ் அழைத்தது. குடாநாட்டின் நான்கு தொகுதிகள் 1934 வரை அரசாங்க சபையில் வெறுமையாகக் கிடந்தன. அது கொள்கைத் தெளிவா, நடைமுறைப் பிழையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் பேரின்பநாயகம் அந்த விவாதம் எட்டாத இடத்துக்குப் போய்விடவில்லை. அவர் குடாநாட்டிலேயே ஆசிரியராக இருந்தார். பின்னர் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபரானார். புறக்கணிப்பில் தன்னைப் பின்பற்றிய இளைஞன் நடுவயதாகி, 'சேர், அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள்?' என்று கேட்க விரும்பினால், சைக்கிளில் போய்க் கேட்கக்கூடிய தூரத்தில் அவர் இருந்தார்.

வழிகாட்டும் உரிமை அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. மருத்துவர் ராஜினி திராணகம ஒரு காலத்தில் விடுதலைப் புலிகளுக்கு ஆதரவாக இருந்தவர். அந்த நம்பிக்கை உடைந்த பிறகு, இங்கிலாந்துக்குப் போயிருந்த அவர் அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் கற்பித்தார். தான் முன்பு நம்பியதையும் சேர்த்தே மாணவர் முன் கேள்விக்கு உட்படுத்தினார். 1989 செப்டெம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். அவருடைய மரணத்தை விடவும், பதில் சொல்ல அவர் திரும்பி வந்ததே இந்தக் கேள்விக்கு முக்கியமானது.

அப்படியானால் இரண்டு வாரம் ஊருக்கு வருபவர் பேசாமல் போக வேண்டுமா? வேண்டியதில்லை. ஆங்கிலம் பேசப் பழக்கட்டும், கணக்குச் சொல்லிக் கொடுக்கட்டும், நேர்முகத் தேர்வுக்குத் தயார்ப்படுத்தட்டும். அவர் போன பிறகும் அந்தத் திறன் பிள்ளையிடம் இருக்கும். 'ஏ.எல். எடுத்து என்ன பயன், ஏஜென்சிக்குக் காசைக் கட்டி வெளிக்கிடு' என்று சொல்வது வேறு காரியம். அந்தச் சொல்லை நம்பித் தாயின் காணி ஈடு வைக்கப்படலாம், பயணம் பாதியில் நின்றுபோகலாம். அப்போது வரும் தொலைபேசி அழைப்பை எடுக்கும் எண்ணம் இல்லாதவர் அந்த வாக்கியத்தைச் சொல்லக் கூடாது. 'இங்கேயே இரு, மண்ணை விட்டுப் போகாதே' என்று பிரான்ஸிலிருந்து வந்து சொல்பவருக்கும் இதே விதிதான்.

ஊரிலேயே இருப்பவருக்குச் சோதனை வேறு வடிவில் வரும். ஐஸ் எடுத்ததைப் பெடியன் அவரிடம் மட்டும் சொல்கிறான். அவன் உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால், அவனுக்குச் சொல்லிவிட்டே வீட்டாரிடம் போக வேண்டும். இல்லையென்றால் அவனோடு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் உளநல மருத்துவரிடம் போகலாம். அவன் மாட்டேன் என்று விட்டு மறுபடி மதவடியில் போய்க் குந்தலாம். சொல் கேட்காதவனுக்கு இனி ஏன் நேரத்தைக் கொட்டுவது என்று கழகத்தில் கேட்பார்கள், அதில் நியாயமும் தெரியும். ஆனால் கேட்டு நடப்பவனுக்கு மட்டும் கிடைக்கும் துணை, கீழ்ப்படிவுக்குக் கொடுக்கும் கூலிதான். அவன் வருகிறானோ இல்லையோ, அடுத்த சனிக்கிழமையும் அவனுக்கென்று ஒரு கதிரை போட்டு வைக்க வேண்டியிருக்கிறது.