கேட்ரைனின் இன்னொரு பெயர்

'புதிய பறவை' (1964) படத்தின் கடைசிக் காட்சியில் கோபால் தன் மனைவியின் சாவுக்குத் தானே காரணம் என்று உடைந்துபோய்ச் சொல்லிவிடுகிறான். அடுத்த நிமிடம் அவன் காதலித்த லதா போலீஸ்காரி என்று தெரிகிறது. அவள் அப்பாவும் அப்பா இல்லை, அவரும் போலீஸ். இத்தனை நாள் அந்த வீட்டில் சிரித்தது, பாடியது எல்லாமே விசாரணை. லதா அழுதுகொண்டே என் காதல் மட்டும் நிஜம் என்கிறாள். நம்பலாமா? என் தோழிகள் கூட்டத்தில் இது இன்னும் தீராத சண்டை. கொலை செய்தவனை விட்டுவிட்டு ஏமாற்றியவளை மன்னிக்க முடியாமல் தவிப்பவர்கள்தான் எங்களில் அதிகம். சிவாஜி அழுதால் அப்படித்தான் ஆகும் போல.

இரட்டை வாழ்க்கை வாழும் பெண்ணைப் பற்றிய மர்மக் கதைகளுக்கெல்லாம் ஒரே அடிப்படைக் கணக்கு உண்டு. முகமூடி ஒன்று, முகம் ஒன்று. கடைசி ரீலில் முகமூடி கழன்றதும் முகம் தெரியும், நாமும் நிம்மதியாக எழுந்து போகலாம். 'கஹானி'யில் வித்யா பாலனின் வயிறு பொய் என்று தெரியும்போதும் இதே நிம்மதிதான். அந்தக் கணக்கு சரிதானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது ஒரு பழவேற்காட்டுப் பெண்ணைப் பற்றிப் படித்தபோது. அவள் கதையிலும் ஒரு சாவு இருக்கிறது, ஒரு தீர்ப்பு இருக்கிறது, இரண்டு வாழ்க்கை இருக்கிறது. கழற்றிப் பார்த்தால் அடியில் முகம்தான் இல்லை.

டச்சு ஆவணங்களில் அவள் பெயர் 'க்ரூட்டே கேட்ரைன் வான் பலியகட்டா'. பலியகட்டா என்றால் பழவேற்காடு. க்ரூட்டே என்றால் பெரிய. தமிழில் சொல்லணும்னா பழவேற்காட்டுப் பெரிய கேத்தரின். 1631 வாக்கில் பிறந்தவள். அப்போது பழவேற்காடு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சோழமண்டலக் கரைத் தலைமையிடம். 1613-இல் அங்கே கெல்த்ரியா கோட்டை எழுந்தது. இங்கிருந்து துணி போனது எல்லோருக்கும் தெரியும். ஆட்களும் போனார்கள். பஞ்சமும் போரும் வந்த வருஷங்களில் தங்களையே விற்றவர்கள் உண்டு, பிள்ளைகளை விற்றவர்கள் உண்டு, தரகர்கள் பிடித்துக் கொடுத்தவர்கள் உண்டு. கப்பல் ஏறியவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் பத்தாவியா, இன்றைய ஜகார்த்தா.

கேட்ரைன் அங்கே அடிமையாக இருந்தாள். 1656-இல் அவளுக்கும் அவள் காதலனுக்கும் நடந்த சண்டையில் அவன் இறந்துபோனான். அவனும் அடிமை. கிளாஸ் வான் மலாக்கா என்று பதிந்திருக்கிறார்கள். நீதிமன்றம் அவளுக்கு மரண தண்டனை விதித்து, பிறகு அதை ஆயுள் முழுவதும் நாடுகடத்தலாகக் குறைத்தது. 1657-இல் நன்னம்பிக்கை முனையில் இறக்கிவிடப்பட்டாள். டச்சுக்காரர்கள் அங்கே குடியேறி அப்போது ஐந்தே வருஷம். அந்தக் குடியேற்றத்துக்கு வந்த முதல் பெண் கைதிகளில் ஒருத்தி அவள். அதிகாரிகளின் வீட்டுத் துணிகளைத் துவைத்தாள். 1668-இல் ஞானஸ்நானம் பெற்றாள். ஹான்ஸ் கிறிஸ்டோஃபல் என்ற ஜெர்மானியச் சிப்பாயோடு அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். பின்னால் மன்னிப்பும் விடுதலையும் கிடைத்தன. வங்காளத்திலிருந்து வந்து விடுதலை பெற்ற அந்தோணி என்பவரை மணந்துகொண்டாள்.

இதை ஒரு த்ரில்லராக எழுதுவது சுலபம். இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு சலவைக்காரி, கெட்டிக்காரி, அமைதியானவள். எட்டாவது அத்தியாயத்தில் யாரோ பத்தாவியாவிலிருந்து வந்து அவள் பழைய கதையைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் கேப்பில் அவள் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வழியும் இல்லை. அவள் குற்றம் அவளோடு கப்பலில் காகிதமாக வந்தது. தெரியாமல் போனது அதற்கு முந்தையது. அம்மா அவளை என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. ஞானஸ்நானத்துக்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே அவள் கேட்ரைன் ஆகிவிட்டாள் என்பதைக் கவனியுங்கள். விற்கும்போது ஒட்டிய பெயர் அது. 'வான் பலியகட்டா'வும் அப்படித்தான். உள்நாட்டிலிருந்து நடத்தி வந்தவர்களுக்கும் கப்பல் ஏறிய துறைமுகத்தின் பெயரை ஒட்டிவிடுவது வழக்கம். ஆக அவள் பெயரின் இரண்டு பாதியும் வாங்கியவன் வசதிக்கு வைத்தது.

இங்கேதான் தத்துவக் கேள்வி வருது. ஒருத்தி தன் உண்மையான அடையாளத்தை யாருக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறாள்? காண்ட் 1797-இல் எழுதிய ஒரு சின்னக் கட்டுரையில், உங்கள் நண்பனைக் கொல்லத் தேடி வருபவனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்கிறார். வள்ளுவர் அவ்வளவு கறார் இல்லை. குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்பது அவர் கட்சி. நான் வள்ளுவர் பக்கம். ஆனால் இருவருமே ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள்: உண்மை பேசுபவளின் கையில் இருக்கிறது, சொல்வதும் மறைப்பதும் அவள் முடிவு. கேட்ரைனின் கையில் அது இல்லை. அவளை அழைத்தவர்கள் எல்லோரும் ஒரு பொய்யைச் சொல்லித்தான் அழைத்தார்கள், அவள் அதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. இந்த இரட்டை வாழ்க்கையில் ஏமாற்றியது யார்?

2022-இல் தூத்துக்குடி மாவட்டத்துப் பெண் ஒருவரைப் பற்றிய செய்தி வந்தது. இளம் வயதில் கணவனை இழந்து, பெண் குழந்தையை வளர்க்கத் தலைமுடியை வெட்டிச் சட்டை, லுங்கி போட்டுக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆணாக வாழ்ந்தவர். ஊரை ஏமாற்றினார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒரு பெண்ணாக நிம்மதியாக வேலைக்குப் போக விடாத ஊருக்கு உண்மையைக் கேட்க என்ன உரிமை? அவரது வேஷம் அவரே தைத்தது, அதனால் அதை அவரே கழற்றவும் முடிந்தது. ஒரு நாள் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார், முடிந்தது. கேட்ரைனுக்கு அது முடியாது. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் 'இரட்டை வாழ்க்கை' என்று சொல்வது எனக்கு இப்போது கூசுகிறது.

இப்படி எழுதிக்கொண்டே போனால் அவளைத் தெய்வமாக்கிவிடுவேன். கிளாஸ் என்ற மனிதன் செத்துப்போனான். மலாக்காவில் அவனையும் ஒரு அம்மா ஏதோ பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள். அவனுக்கு இரண்டாவது வாழ்க்கை கிடைக்கவில்லை. அவள் பட்ட துன்பம் அவன் சாவின் எடையைக் குறைக்குமா? குறைக்காது என்றுதான் நினைக்கிறேன். கோபாலின் அறை வாங்கிச் செத்த சித்ராவை நாம் எவ்வளவு சீக்கிரம் மறக்கிறோமோ, அவ்வளவு சீக்கிரம் கிளாஸை மறக்கவும் கதை நம்மைத் தூண்டும். ஆனால் அந்தச் சாவுக்குத் தீர்ப்பு எழுத அந்த நீதிமன்றத்துக்கு என்ன தகுதி என்பது வேறு கேள்வி. அடிமை வியாபாரம் நடத்திய கம்பெனியும் அவளைத் தண்டித்த கம்பெனியும் ஒன்றுதான். அவள் செய்த ஒரு குற்றத்துக்குக் கோப்பு இருக்கிறது. அவளுக்குச் செய்த குற்றத்துக்கு விலைச்சீட்டுதான் இருந்திருக்கும்.

அவள் மகன் கிறிஸ்டோஃபல் ஸ்னைமான், பிரான்சிலிருந்து மத அடக்குமுறைக்குத் தப்பி வந்த ஹியூகனாட் குடும்பத்துப் பெண்ணை மணந்தான். அந்த வழியில் வந்த ஸ்னைமான்கள் தென்னாப்பிரிக்க வெள்ளையரிடையே இன்றும் பெரிய குடும்பம். 1950-இல் அங்கே மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் வந்து ஒவ்வொருவரையும் இனம் பார்த்துப் பிரித்தது. யார் எங்கே வசிக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம் எல்லாம் அந்தப் பதிவைப் பொறுத்தது. பழவேற்காட்டுப் பாட்டி இருந்தால் சங்கடம். 1984-இல் ஹான்ஸ் ஹேசே என்ற வரலாற்றாளர் கேப்பின் ஆரம்ப காலக் கலப்புக் குடும்பங்களைப் பட்டியல் போட்டுப் புத்தகம் வெளியிட்டபோது, பல வெள்ளைக் குடும்பங்கள் கொதித்துப் போயின. உண்மையான மர்மக் கதை இதுதான்னு தோணுது. முகமூடி போட்டுக்கொண்டது பேரப்பிள்ளைகள். துப்பறிந்தது தேவாலயப் பதிவேடு.

இப்போது அந்தக் குடும்பங்களில் பலர் வம்சாவளித் தளங்களில் அவளைப் பெருமையாகச் சேர்க்கிறார்கள். மாற்றம் நல்லதுதான். ஆனாலும் எனக்குள் சின்ன நெருடல். மறைக்க லாபம் இருந்தபோது மறைத்தோம், காட்ட அழகாக இருக்கும்போது காட்டுகிறோம். இரண்டு முறையும் அவளை யாரும் கேட்கவில்லை.

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறை இன்னும் இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில், எலும்புக்கூடு செதுக்கிய வாசலோடு. உள்ளே கருங்கல் பலகைகளில் வணிகர்கள், அதிகாரிகள், அவர்கள் மனைவிமார் பெயர்கள் முந்நூறு வருஷம் கழித்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை படகுச் சவாரிக்கு வருபவர்கள் அங்கே போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் இருளர் பெண்கள் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள், பறியை வாயில் கவ்விக்கொண்டு. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று கிராமங்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' வழக்கத்தில் பெண்களுக்குப் பங்கு இல்லை. நாள் முழுக்க ஏரியிலேயே நின்றாலும் 'மீனவர்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனதில் வருவது படகில் நிற்கும் ஓர் ஆண். கரையில் நின்று அவர்களில் ஒருத்தியை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டால், வாயில் பறி இருப்பதால் அவளால் பதில் சொல்ல முடியாது. தலையை மட்டும் திருப்புவாள்.