சாடிக்கு ஒதுக்கிய இடம்

நீண்ட உலகப் பயணத்துக்குத் திட்டமிடுகிறவர், எங்கெங்கே செல்வது என்பதைக் காட்டிலும் எதையெதை விட்டுச் செல்வது என்பதிலேயே அதிகம் தடுமாறுகிறார். வழியை நிலப்படமும் கப்பல், ரயில் கால அட்டவணைகளும் சொல்லிவிடுகின்றன. விட்டுவிட வேண்டியதைச் சொல்ல எந்த அட்டவணையும் கிடையாது. 1889 நவம்பர் 14 அன்று, நியூயார்க்குக்கு எதிர்க்கரையிலுள்ள ஹோபோகனிலிருந்து கப்பலேறிய பத்திரிகையாளர் நெல்லி பிளையின் கைப்பை இந்தத் தடுமாற்றத்துக்கு மிக நெருக்கமான சான்று. ழூல் வெர்னின் கதைநாயகன் 80 நாளில் முடித்த சுற்றை அதற்கும் குறைவான நாளில் முடிக்க அவர் முனைந்தார். பெண் ஒருவர் சென்றால் துணைக்கு ஆள் வேண்டும், பெட்டி பெட்டியாகச் சாமான் சேரும் என்று சொல்லிப் பத்திரிகை நிர்வாகம் அவருடைய யோசனையை முதலில் தட்டிக்கழித்திருந்ததால், ஒரே பையோடு புறப்படுவது அவருக்கு மானப் பிரச்சினையாகவும் ஆகிவிட்டது.

புறப்படுவதற்கு முன் அவர் பையை அடுக்கிய விதம்தான் படிப்பவர் மனத்தை விடாமல் உறுத்துகிறது. தொப்பிகள், முகத்திரைகள், மைக்கூடு, பேனா, ஊசிநூல், உள்ளாடைகள் எல்லாம் திணித்தாயிற்று. வெப்ப நாடுகளுக்கென்று தைத்த இன்னோர் ஆடை மட்டும் அடங்கவில்லை. தனிப் பொட்டலமாக அதைச் சுமக்க மனமில்லாமல், உலகம் முழுவதையும் உடுத்திய ஆடையோடே சுற்றிவரத் துணிந்து அதை விட்டுவிட்டார். அதே பையில் ஒரு கோல்டு கிரீம் சாடி, அதாவது வறண்ட தோலுக்குப் பூசும் எண்ணெயும் மெழுகும் கலந்த களிம்புச் சாடி, பத்திரமாக இருந்தது. மற்ற எல்லாவற்றையும்விட அதுவே இடத்தை அடைத்தது என்றும், பையை மூடவிடாத இடமாகப் பார்த்து வந்து உட்கார்ந்துகொண்டது என்றும் அவரே தம் பயண நூலில் அலுத்துக்கொள்கிறார். ஆடை போயிற்று, சாடி நின்றது.

கடற்காற்றுக்கு அது தேவைதான் என்று சொல்லி நகர்ந்துவிடலாம்; ஆனால் ஆடை போய்ச் சாடி நின்ற இந்தப் புதிர் அவ்வளவு எளிதாகத் தீர்வதில்லை. வெர்னின் கதைநாயகனிடம் இருப்பது ஒரு சிறு பையும் 20,000 பவுன் நோட்டுகளும், வேண்டிய துணியை வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்ற நிம்மதியும்தான். பணத்தால் எதையும் ஈடுகட்டலாம் என்று நம்புகிறவருக்கு விட்டுச் செல்வது துயரமே அல்ல. பிளையின் நிலை வேறு. 1864இல் பிறந்த அவருக்கு 6 வயதானபோது தந்தை உயில் எழுதாமல் இறந்தார்; வசதியாக வாழ்ந்த வீட்டை விட்டுக் குடும்பம் வெளியேற நேர்ந்தது. கைவிட்டுப் போவது திரும்பி வராது என்று அந்த வயதில் கற்றுக்கொண்ட குழந்தை, வளர்ந்தபின் ஒரு சாடியைப் பற்றிக்கொண்டது என்று விளக்கத் தோன்றுகிறது. ஆனால் அதே பெண்தான் புது ஆடையைத் தயங்காமல் துறந்தவர் என்பதால், இந்த விளக்கமும் முழுதாக நிற்பதில்லை.

திட்டமோ தன் போக்கில் சென்றது. கல்கத்தாவிலிருந்து வரவேண்டிய கப்பலுக்காகக் கொழும்பில் 5 நாள் காத்துக் கிடந்ததும், பசிபிக்கில் புயல் குறுக்கிட்டதும், பனியடைத்த பாதையைத் தவிர்க்கச் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பத்திரிகை தனி ரயில் ஏற்பாடு செய்ததும் எந்தப் பையின் கனத்தையும் பொறுத்தவையல்ல. 1890 ஜனவரி 25 அன்று, 72 நாளில் சுற்று முடிந்தது. எனவே, இடத்தை மிச்சம் பிடித்ததால் நாள் மிச்சமாயிற்று என்று துணிய வழியில்லை. ஆடையை விட்டது திட்டம் என்றால், சாடியை விடாததும் அதே திட்டத்தின் பகுதியா, அல்லது திட்டமிடும் அறிவு எட்டாத வேறொன்று அங்கே முடிவெடுத்ததா என்பதை உறுதியாகச் சொல்ல இயலவில்லை. இரண்டு விடைகளுக்கும் அவருடைய நூல் இடம் தருகிறது.