ஆபுத்திரன் இறங்கிய தீவு

இலங்கையா, சிங்கப்பூரா, எந்தத் தீவில் வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்று கேட்டால் சென்னை கோவிலம்பாக்கத்தில் எங்கள் தெருவே சிங்கப்பூர் என்றுதான் சொல்லும். என் மகளும் அங்கே உட்லண்ட்ஸில் குடியிருக்கிறாள். குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம் என்று அவள் சொல்வதே, தண்ணீர் லாரிக்குக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்த எங்களுக்குப் பெரிய செய்தி. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் மணிமேகலை நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

அந்தக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் கையில் எடுக்க எடுக்கச் சோறு குறையாத அமுதசுரபி என்னும் பாத்திரம். இந்திரன் மழையைக் கொட்டிப் பாண்டிய நாட்டைச் செழிக்க வைத்துவிட்டான்; சோறு கேட்டு வர ஆளில்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டு ஆபுத்திரன் கப்பலேறினான். காற்று மிகுந்து கப்பல் மணிபல்லவத் தீவில் தங்கியது. அவன் இறங்கியதை அறியாமல் இரவோடு இரவாகப் போய்விட்டது. பாத்திரம் நிறையச் சோறு, உண்ண ஒரு வாய் இல்லை. நான் மட்டும் தின்று உயிர் வளர்ப்பதா என்று பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, பட்டினி கிடந்து உயிர்விட்டான்.

மணிபல்லவம் யாழ்ப்பாணத்து நயினாதீவுதான் என்று கொள்வோர் பலர். அங்கே நாகபூஷணி அம்மன் கோயிலும் புத்த விகாரையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கோயிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்றே பெயர் என்று, எங்கள் மாடியில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து வேலணை அக்கா சொல்வார்.

மணிமேகலை பாடிய சாத்தனாரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: பந்தியில் யாருக்கு இலை போடவில்லை?

சிங்கப்பூரை அப்படிக் கேட்டுப் பார்க்கிறேன். குடியிருப்போரில் ஐந்தில் நான்கு பேர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில் வாழ்கிறார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் தனித்தனிச் சேரியாக ஒதுங்கிவிடாதபடி 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் கலந்தே குடியேற்றுகிறார்கள். மகளுக்கு நோன்புக் கஞ்சி பக்கத்து வீட்டு மலாய் அம்மா கையால் வருகிறது. தமிழ் அங்கே ஆட்சிமொழி நான்கில் ஒன்று. இது சாதாரணக் காரியமில்லை. ஆனால் அந்த புளோக்கைக் கட்டியவர் புதுக்கோட்டைக்காரராக இருக்கலாம். வேலை அனுமதிச் சீட்டில் போன அவர் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொள்ள முடியாது. 2020-இல் கொரோனா அந்தத் தொழிலாளர் விடுதிகளில் பரவிய வேகத்தைப் பார்த்தபோதுதான், ஒரு அறைக்கு எத்தனை பேர் என்று உலகம் கேட்டது. அவருக்கு இலை இல்லை.

இலங்கையில் கதை வேறு. தலா வருமானம் சிங்கப்பூரில் ஏறத்தாழ இருபது மடங்கு; ஆனால் சராசரி ஆயுளில் வித்தியாசம் ஆறேழு வருடம்தான், சுமார் 83-க்கு 77. காசு இல்லாத நாடு 1940-களிலேயே இலவசக் கல்வியைக் கொண்டுவந்தது, ஆஸ்பத்திரியை இலவசமாக வைத்தது. ஏழைக்கு முதலில் இலை போட்ட தீவு அது. அதே தீவுதான் 1956-இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் போட்டுத் தமிழரைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டது. பிறகு 1983 முதல் 2009 வரை போர். வேலணை அக்கா தன் அண்ணனை அதில் பறிகொடுத்தவர்.

2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை கைவிரித்தது. எரிபொருள் வரிசையில் நின்றே கிழவர்கள் செத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து தமிழருக்கு உதவி அனுப்பலாம் என்று பேச்சு எழுந்தது. தமிழருக்கு மட்டும் என்று பிரிக்காதீர்கள், எல்லா மக்களுக்கும் பொதுவாக அனுப்புங்கள் என்று இலங்கைத் தமிழ்த் தலைவர்கள் கேட்டுக்கொண்டதாக முதல்வர் சட்டமன்றத்தில் சொன்னார். 40,000 டன் அரிசி என்று முடிவானது. மே 18-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது.

அக்காவிடம் இதைச் சொன்னேன். “பின்னை, பசிச்ச சனத்துக்கு ஆளைப் பாத்தே குடுக்கிறது, ஐயா?” என்று கேட்டார்.

இலை மறுக்கப்பட்டவர்கள், மறுத்தவர் வீட்டுக்கும் சேர்த்துச் சோறு கேட்டார்கள். என் கணக்கில் அந்த வேண்டுகோளும் இலங்கையின் வாழ்க்கைத் தரத்தில் சேரும். பேரனுக்கு இரண்டு தீவுகளைப் பற்றியும் சொல்லிக்கொடுக்கும்போது விடுதியில் படுத்திருக்கும் புதுக்கோட்டைக்காரரையும், இந்த வேண்டுகோளையும் சேர்த்தே சொல்வேன்.