உரித்தவன் தேடிய குருத்து

வெங்காயத்தை உரித்துக்கொண்டே போனால் உள்ளே ஒன்றும் இல்லை என்பது தமிழில் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. சாரமில்லாத எதையும் வெங்காயம் என்று ஒதுக்குவதைப் பெரியார் மேடைப்பேச்சில் நிலைநிறுத்தினார். அவருக்கு முன்பே இராமகிருஷ்ண பரமஹம்சர் இதே வெங்காயத்தை வேறொரு காரியத்துக்கு எடுத்திருந்தார். தோல் தோலாக உரித்தால் பருப்பென்று எதுவும் அகப்படாதது போல, ‘நான்’ என்பதை ஆராய்ந்தால் அப்படி ஒரு பொருளே அகப்படாது, இறைவனே மெய்ப்பொருள் என்று தெரியவரும் என்றார். கடவுளை மறுத்தவரும் கடவுளில் கரைந்தவரும் ஒரே சாட்சியை அழைத்திருக்கிறார்கள். அந்தச் சாட்சி சொல்வதை நாம் இன்னும் முழுதாகக் கேட்கவில்லை.

குறுக்கே அரிந்தால் வளையங்கள்தான் தெரியும். வேரிலிருந்து தாள் வரை நெடுக்காகப் பிளந்து பார்க்கவேண்டும். அடியில் ஒரு தட்டையான கட்டை இருக்கும். அதுதான் தண்டு. ஒவ்வொரு இதழும் அதில் கால் ஊன்றி நிற்கும். எல்லா இதழ்களுக்கும் நடுவே, கட்டையின் உச்சியில், ஊசிமுனை போல ஒரு குருத்து. நாம் உரித்து எறியும் இதழ்கள் வளர்ந்து முடிந்த இலைகளின் அடிப்பகுதிகள், அந்தக் குருத்துக்காகச் சேர்த்து வைத்த சோறு. இலங்கையின் வன்னியில் துணுக்காய், மல்லாவிப் பக்கத்துக் குசினிகளில் பிடியாகக் கட்டித் தொங்கவிட்ட சின்ன வெங்காயம், நாட்பட்டால் மண்ணும் தண்ணீரும் இல்லாமலே பச்சை முளை நீட்டும். அப்போது விரலால் அமத்திப் பாருங்கள். வெளியிதழ்கள் தொய்ந்து நெகிழ்ந்திருக்கும், உள்ளிருந்த ஏதோ ஒன்று அவற்றை உண்டுகொண்டிருக்கிறது. உரித்தவன் கை வெறுமையானது உள்ளே ஒன்றும் இல்லாததால் அல்ல. கடைசி இதழோடு குருத்தையும் பிய்த்து எறிந்துவிட்டுத்தான் அவன் தேடிக்கொண்டிருக்கிறான்.

குருத்து என்னவென்று தெரிய அதற்குக் காலம் கொடுக்கவேண்டும். குளிர் போதிய நாள் பட்டால் அது இலை விடுவதை நிறுத்திப் பூந்தண்டாக மாறும். நாம் வறையாக்கித் தின்னும் வெங்காயப்பூ அதுதான். உள்ளே கோறையான தண்டின் உச்சியில் மெல்லிய உறை வெடிக்க, உருண்டையான பூங்கொத்து வெளிப்படும். நடு ஆசியாவிலிருந்து ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போன அலங்கார வெங்காயமான அலியம் ஜைகான்டியத்தில் இந்த உருண்டை ஆளுயரத்தை எட்டும் தண்டில் ஊதாவாக நிற்கும். நீண்ட குளிர் வேண்டிய அது துணுக்காய் வெக்கையில் பூக்காது. ஆனால் அமைப்பு ஒன்றே. கொத்தில் உள்ள நூற்றுக்கணக்கான பூக்கள் ஒரே நாளில் விரிவதில்லை. ஒரு பூவுக்குள்ளேயும் மகரந்தம் முதலில் உதிரும், சூல்முடி அதன்பிறகே பக்குவப்படும். அந்தப் பூவுக்குத் தன் மகரந்தம் அநேகமாக உதவாது, பூச்சி வேறொரு பூவிலிருந்து கொண்டுவரவேண்டும். இவ்வளவும் அந்த ஊசிமுனைக்குள் இருந்ததா என்றால், சிறிய பூவாக மடித்து வைத்தபடி இருக்கவில்லை. ஆகும் வல்லமையாக இருந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். குருத்தும் மாறிக்கொண்டே இருப்பதுதானே, பூத்ததும் அது முடிந்துபோகிறதே, அப்படியானால் நிலையான ‘நான்’ எங்கே என்று பௌத்தர் கேட்பார். பாதியை ஒப்புக்கொள்கிறேன். பூந்தண்டாக மாறிய குருத்து திரும்ப இலை விடாது. பல்லாண்டு வாழும் அலங்கார வெங்காயங்களில், இலைகள் பழுத்துச் சாயும் காலத்தில், இலைக் கக்கத்துப் பக்கமொட்டு ஒன்று அடுத்த ஆண்டுக்கான கிழங்காகத் திரளும். வருவது பழைய கிழங்கு அல்ல, அந்நியமும் அல்ல. மாறாத பருப்பு ஒன்று வெங்காயத்தில் இல்லைத்தான். ஆனால் அதனால் ஒன்றுமே இல்லை என்ற முடிவு வராது. புத்தரும் என்றும் அழியாதது உண்டு என்ற வாதத்தோடு, எல்லாம் அற்றுப்போகும் என்ற உச்சேதவாதத்தையும் சேர்த்தே மறுத்தார். உவமை பிரமாணம் ஆகுமா என்று சைவர் கேட்பார். ஆகாது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் உவமையை நம்பி நிற்கவும் இல்லை. ஆன்மா உண்டு என நாட்டும் அவரது சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம், ‘இல்லை’ என்று சொல்லும் அறிவு ஒன்று இருக்கிறதே என்றுதான் தொடங்குகிறது. உரித்து முடித்து இல்லை என்றவனை நோக்கி விரல் நீட்டுகிறது அது. எனினும் வெங்காயத்தைக் காட்டி ‘நான்’ இல்லை என்பவருக்கு வெங்காயத்தைக் கொண்டே விடை சொல்வது தவறில்லை.

இது ஏட்டு விசாரணை மட்டுமல்ல. துணுக்காய் 2008இல் போரால் இடம்பெயர்ந்து, 2009 இறுதியில் மீளக் குடியேறத் தொடங்கிய ஊர். வீடு, காணி, தொழில், உறவு என்று ஒவ்வொன்றாக உரிபட்டு வந்தவர்களிடம், இவை போனால் ‘நீ’ என்று ஒன்றும் இல்லை என்ற தத்துவத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது. எல்லாம் போனாலும் உள்ளே ஒரு மாறாத மணி பத்திரமாக இருக்கிறது என்ற ஆறுதலையும் என்னால் சொல்ல முடியாது. திரும்பி வந்தவர்கள் போனவர்களாகவே வரவில்லை. எஞ்சியது என்னவென்று அவர்கள் குந்தியிருந்து தேடிக்கொண்டிருக்கவும் இல்லை. காடு பற்றிய வளவைத் துப்புரவாக்கினார்கள், கிணற்றை இறைத்தார்கள், மேட்டுக்காணியைக் கொத்தினார்கள். வெங்காயம் நடும்போது காய்ந்த தோலைத் தட்டிவிட்டு, வேர்ப்பக்கம் கீழே இருக்க ஈர மண்ணில் அமத்தி, அடுத்ததை எடுக்கிறார்கள்.