முதற்சொல்லும் வாய்மையும்

மேடையேறிப் பேசுவோர்க்கு முதற்கண் வேண்டுவது கேட்போரின் செவி. அது கிட்டாதவிடத்து அரிய கருத்தும் காற்றோடு கலந்துவிடும். ஆதலின், பேச்சின் தொடக்கத்திலேயே அவையினரைக் கவர்ந்திழுத்தல் வேண்டும் என்று பேச்சுக்கலை பயிற்றுவோர் வலியுறுத்துவர். வினா எழுப்புதல், கதை கூறுதல், வியப்பூட்டும் செய்தியொன்றைச் சொல்லுதல், நகைச்சுவை கலத்தல், சற்று நேரம் வாளா நிற்றல் எனப் பல வழிகளையும் காட்டுவர். இவை பயன் தருவன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இவற்றைக் கையாளுமுன் எழவேண்டிய வினா ஒன்று உண்டு. கேட்போரின் கவனத்தைப் பெறுதற்காக எதையும் சொல்லலாமா?

ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான பேச்சுப் போட்டி நடைபெறுகிறது. தலைப்பு, தாயின் பெருமை. பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் மேடையேறுகிறான். தன் தாய் தன்னைவிட்டு மறைந்து ஓராண்டு ஆயிற்று என்று தழுதழுத்த குரலில் தொடங்குகிறான். மண்டபம் அடங்கிப் போகிறது. சிலர் கண்களைத் துடைத்துக்கொள்கின்றனர். முதற்பரிசும் அவனுக்கே கிடைக்கிறது. ஆனால், அவனுடைய தாய் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறாள். மகன் பேசுவதைக் கேட்பதற்காகத் தொழிற்சாலையில் அன்றைய கூலியை இழந்து, விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவள் அவள். உரையை எழுதிக் கொடுத்தவர் ஆசிரியர். மனப்பாடம் செய்து ஒப்புவித்தவன் மாணவன். தான் இறந்துபோன செய்தியைக் கேட்டுவிட்டு எல்லாரோடும் சேர்ந்து கைதட்டியவள் தாய்.

இதில் என்ன தவறு என்று கேட்பார் உளர். கலையில் கற்பனைக்கு இடமில்லையா என்பர். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே கூறியுள்ளாரே என்றும் வாதிடுவர். இவ்வாதம் எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று. ஆனால், வள்ளுவர் விதித்த கட்டுப்பாட்டை மறந்துவிடலாகாது. விளையும் நன்மை குற்றமற்றதாக இருத்தல் வேண்டும். பேசியவனுக்குக் கிடைத்த பரிசு அத்தகைய நன்மையாகுமா? கேட்டவர்களுக்குக் கிடைத்ததோ பொய்த்துயரம். நாடக மேடையில் நடிகர் அழும்பொழுது, அது நடிப்பு என்பதைக் காண்போர் அறிவர், அறிந்தே மகிழ்வர். பேச்சாளரோ தம் பெயரால் நின்று, தம் வாழ்வையே சான்றாகக் காட்டுகிறார். அவையினர் அதனை நம்பியே கண்ணீர் சிந்துகின்றனர். அந்நம்பிக்கையைத் தமக்கு ஊதியமாக்கிக்கொள்ளுதல் கற்பனையாகாது, ஏமாற்றுதலே ஆகும்.

இதனால் விளையும் தீங்கு அம்மண்டபத்தோடு முடிந்துவிடுவதில்லை. மறு ஆண்டு, மெய்யாகவே தாயை இழந்த சிறுமி ஒருத்தி அதே மேடையில் நின்று தன் துயரத்தைச் சொல்லலாம். முன்பு ஏமாந்தவர்கள் அன்று அவளையும் ஐயத்தோடு நோக்குவர். ஒருவன் செய்த களவுக்கு வேறொருத்தி விலை கொடுக்க நேர்கிறது.

இவ்வாறு கூறுவதனால், சுவையற்ற தொடக்கமே அறமானது என்று கொள்ளவேண்டா. ஐந்து நிமிட உரையில் ஒரு நிமிடத்தை அவைத்தலைவர், நீதி வழுவா நடுவர்கள், மணிக்காப்பாளர் என அடுக்கடுக்கான விளிகளிலேயே செலவிடுவதும் குறைதான். தமக்கு அறிவில்லை, ஆற்றலில்லை என்று நெடுநேரம் கூறும் போலிப் பணிவும் அத்தகையதே. பழம்புலவர்கள் பாடிய அவையடக்கம் அவையோர்பால் கொண்ட மதிப்பைக் காட்டியது. வெற்றுச் சடங்காகும்பொழுது அது பிறர் நேரத்தை வீணாக்குகிறது. பொய்த்தொடக்கம் கேட்போரின் நம்பிக்கையைக் கவர்கிறது. வெறுந்தொடக்கம் அவர்களின் காலத்தைக் கவர்கிறது. இரண்டும் கேட்போரை மதியாமையினின்றே பிறக்கின்றன.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் சொற்கலை நூலில் நுட்பமான கருத்தொன்றை எடுத்துரைக்கிறார். கேட்போரின் கவனம் மற்றெப்பொழுதையும்விடத் தொடக்கத்தில்தான் மிகுந்திருக்கும். எனவே கவனத்தை வேண்டும் உத்திகளைத் தொடக்கத்திலேயே குவிப்பது நகைப்பிற்குரியது என்பது அவர் கருத்து. இது சிந்திக்கத்தக்கது. மேடையேறுபவரை அவையினர் முதலில் ஆவலோடுதான் நோக்குகின்றனர். கவனம் அவருக்கு முன்கூட்டியே கடனாகக் கொடுக்கப்பட்டுவிடுகிறது. அதனைப் பறிக்கவேண்டிய தேவையில்லை. திருப்பிச் செலுத்தவேண்டிய கடமையே உண்டு.

இதற்குச் சிறந்த சான்று சிக்காகோ நகரில் 1893-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் சர்வசமயப் பேரவையில் சுவாமி விவேகானந்தர் ஆற்றிய உரையாகும். அவர் அமெரிக்க மக்களைச் சகோதரிகளே, சகோதரர்களே என விளித்தவுடன் அவையினர் எழுந்து நின்று நெடுநேரம் கையொலி எழுப்பினர். அவ்விளி செவிக்கு இனிய அலங்காரமாக மட்டும் நின்றுவிடவில்லை. எல்லாச் சமயங்களையும் உண்மையென ஏற்கும் பண்பைப் பற்றியும், சமய வெறியின் கேட்டினைப் பற்றியுமே அவர் தொடர்ந்து பேசினார். பின்னர் விரித்துரைத்த கருத்து முதல் விளியிலேயே அடங்கியிருந்தது. சில நிமிடங்களே நீடித்த அவ்வுரை இன்றும் நினைக்கப்படுவதற்கு இப்பொருத்தமும் ஒரு காரணம் எனலாம்.

நல்ல தொடக்கத்தை அளந்தறிய எளிய வழி ஒன்றுண்டு. பேச்சு முடிந்தபின் கேட்டவர் அதன் முதற்சொல்லை மீண்டும் நினைத்துப் பார்க்கட்டும். அதன் பொருள் முன்னினும் ஆழமாகத் தோன்றினால் அது நல்ல தொடக்கம். ஏமாந்துவிட்டோம் என்று தோன்றினால், எத்துணைக் கைதட்டல் பெற்றிருப்பினும் அது தீய தொடக்கமே.

அச்சிறுவனுக்கு வேறொரு தொடக்கம் இல்லாமற் போகவில்லை. "என் தாய் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். நான் பேசுவதைக் கேட்பதற்காக இன்று ஒரு நாள் கூலியை இழந்து வந்திருக்கிறார்" என்று அவன் சொல்லியிருக்கலாம். அப்பொழுதும் மண்டபம் அடங்கியிருக்கும். எல்லாருடைய கண்களும் அத்தாயை நோக்கித் திரும்பியிருக்கும். பரிசு கிடைத்திருக்குமோ, கிடைத்திராதோ! ஆனால் உள்ளதை உள்ளவாறு சொன்னாலே உலகம் செவிசாய்க்கும் என்னும் பாடத்தை அவன் கற்றிருப்பான். மேடைப்பேச்சைக் கற்பிப்போர் முதலில் கற்பிக்கவேண்டிய பாடம் அதுவே.